முதல் நாளே மெடிக்கல் கேட்பதால் என்ன நடக்கிறது

"ஒரு நாள் வராவிட்டாலும் மெடிக்கல் கொண்டு வரவேணும். இல்லாட்டி நோ பே." திருகோணமலை நகரத்தில் நான் முதலில் வேலை செய்த இடத்தில் இதுதான் சட்டம். யாரும் அதை எழுதிக் கையில் தந்ததில்லை. சேர்ந்த அன்றே வாயால் சொல்லிவிடுவார்கள். இப்போது வேறு ஓர் இடத்தில், பேக்கரியும் சேர்ந்த பெரிய பலசரக்குக் கடையொன்றின் அலுவலகத்தில், லீவுப் பதிவேட்டையும் சம்பளக் கணக்கையும் நான் பார்க்கிறேன். மெடிக்கல், அதாவது சுகமில்லை என்று டொக்டர் எழுதித் தரும் துண்டு, கொடுக்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன், வாங்கிப் பதியும் பக்கத்திலும் இருக்கிறேன். முதல் நாளே டொக்டரின் துண்டு கேட்பதால் பொய் லீவு குறைந்ததை நான் எங்கும் பார்க்கவில்லை. நோயாளிகள் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அலைய முடியாதவர்கள் நோயோடு வேலைக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

முதல் இடத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் கிண்ணியாக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் நானா. ஒரு மார்கழி மாதம் அவருக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்திருக்க வேண்டிய மனிதர், மெடிக்கல் வேண்டும் என்பதற்காக மழையில் பஸ் ஏறி, டிஸ்பென்சரியில் காத்திருந்து டொக்டரைக் கண்டார். அந்த டொக்டர் சரியாகத்தான் செய்தார். முதல் நாள் காய்ச்சலில் கண்டுபிடிக்க அதிகம் ஒன்றும் இருக்காது. பனடோல் எழுதினார், நிறையக் குடிக்கச் சொன்னார், காய்ச்சல் விடாவிட்டால் மூன்றாம் நாள் இரத்தம் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார், ஒரு நாள் ஓய்வு என்று துண்டும் கொடுத்தார்.

துண்டில் ஒரு நாள் என்று இருந்தது. ஆகவே நானா மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். இன்னொரு நாள் நிற்க வேண்டுமென்றால் இன்னொரு துண்டு வேண்டும், அதற்கு இன்னொரு தடவை டொக்டர் காசு கட்ட வேண்டும். அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியிருந்தது. "இப்ப சுகம், தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டெங்கு என்றார்கள். வார்டில் வைத்துப் பார்த்து, சுகமாகி வீட்டுக்குப் போனார். ஆனால் அன்று அவருடைய மனைவி ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "காய்ச்சல் விட்டதுதானே, ஏன் இப்படி ஆனது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 2017 ஆரம்பத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவி, உயிர்கள் போய், பாடசாலைகளைக்கூட மூடினார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் அது தொடங்கும். இரத்த நாளங்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், முரசிலோ மூக்கிலோ இரத்தம், தலைசுற்றல் எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

இப்போது அந்த ஒரு நாள் சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டொக்டர் பெரிதாக எதுவும் செய்ய முடியாத முதல் நாளில் ஆளை டொக்டரிடம் அனுப்புகிறது. கட்டாயம் இரத்தம் சோதிக்க வேண்டிய மூன்றாம் நாளில் அதே ஆளை மா மூட்டை இறக்க வைக்கிறது. கையிலிருந்த காசும் முதல் நாளே முடிந்துவிடும். 2025 ஏப்ரலில் இருந்து தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 27,000 ரூபாவாகவும் நாளுக்கு 1,080 ரூபாவாகவும் இருந்தது. 2026 ஜனவரியில் இருந்து அது மாதம் 30,000, நாளுக்கு 1,200. தனியார் டொக்டரிடம் போய், மருந்து எடுத்து, பஸ்ஸுக்கும் கொடுத்தால் அந்த ஒரு நாள் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் காசு இல்லைதான். ஆனால் காய்ச்சலோடு காலையிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். உண்மையாகவே உடனே பார்க்க வேண்டிய நோயாளி, துண்டுக்காக வந்தவர்களுக்குப் பின்னால் நிற்பார்.

முதல் நாளே டொக்டரிடம் போக வேண்டியவர்களும் உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், வயதானவர்கள், நீரிழிவு போன்ற நீண்டகால நோய் உள்ளவர்கள், மேலே சொன்ன அறிகுறி ஏதாவது உள்ளவர்கள் காத்திருக்கக் கூடாது. தம்பலகாமம் பக்கம் வயலில் இறங்கிவிட்டு வந்த பிறகு காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். வயலுக்குப் போனதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொன்று, என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பனடோல் தவிர வேறு வலி மாத்திரைகளைப் போட வேண்டாம். வேலைக்குப் போயாக வேண்டும் என்ற அவசரத்தில் பலர் பாமசியில் கேட்டு இபுபுரோஃபன், டைக்ளோஃபெனக் வாங்கிப் போடுகிறார்கள். டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

சரி, இப்போது வேலை செய்யும் இடத்துக்கு வருகிறேன். இங்கேயும் நான் வந்தபோது முதல் நாள் மெடிக்கல்தான். அதோடு வரவுப் போனஸ் ஒன்றும் இருந்தது. மாதத்தில் ஒரு நாள் தவறினாலும் முழுப் போனஸும் போய்விடும். பேக்கரியில் வேலை செய்த ஒரு தங்கச்சிக்கு ஒரு நாள் வயிற்றோட்டம். மாத முடிவு, போனஸ் போய்விடும் என்ற பயம். வந்து மா பிசைந்துகொண்டு நின்றாள். பெரிய பேக்கர் அண்ணாதான் அவள் அடிக்கடி வெளியே போவதைப் பார்த்து விசாரித்து, கையைக் கழுவ வைத்து, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி ஒரு பக்கெட் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். பிறகு நேரே என்னிடம் வந்து, "இதை முதலாளியிட்ட நீங்கள்தான் கதைக்க வேணும்" என்றார். சாப்பாடு தொடுகிறவர் வயிற்றோட்டமோ வாந்தியோ நின்று 48 மணித்தியாலம் கழிந்த பிறகுதான் திரும்ப வேலைக்கு வரவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை. நாங்கள் அந்தப் பிள்ளைக்கு அதற்கு நேர்மாறாகக் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

முதலாளி கெட்டவர் இல்லை. அவருடைய பயம் வேறு. "பிள்ளை, மெடிக்கல் கேட்காமல் விட்டால் திங்கட்கிழமை கடை திறக்க ஆள் இருக்காது" என்றார். நான் வாதம் பண்ணவில்லை. முந்திய வருடத்து லீவுப் பதிவேட்டையும் மெடிக்கல் ஃபைலையும் எடுத்து மேசையில் வைத்தேன். இருவருமாகப் புரட்டினோம். ஒரு நாள் லீவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மெடிக்கல் ஒழுங்காக இருந்தது. திகதிகளைப் பார்த்தால், சிவராத்திரிக்கு மறுநாள், பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக் காலம், நோன்புப் பெருநாளை ஒட்டிய நாட்கள். ஒரே ஸ்டாம்ப் திரும்பத் திரும்ப வந்திருந்தது. துண்டு எங்கே லேசாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சட்டம் ஒரு தடையே இல்லை. மறுபக்கம், நோ பே விழுந்திருந்த பெயர்களைப் பார்த்தோம். தூரத்தில் இருக்கிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், அன்று உண்மையாகவே எழுந்து நடக்க முடியாதவர்கள். முதலாளி கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்கு நாங்கள் பேசியதில் முக்கியமானது காய்ச்சலைப் பற்றியதல்ல. அந்த லீவுகளில் பல நோயே இல்லை, தேவை. பிள்ளைக்குச் சுகமில்லை, மாமியாரைக் கிளினிக்குக் கொண்டு போக வேண்டும், பிரதேச செயலகத்தில் ஒரு கையெழுத்து, ஒரு செத்த வீடு. இவற்றைச் சொன்னால் லீவு கிடைக்காது, நோய் என்றால்தான் கிடைக்கும் என்பதால் காசு கொடுத்து நோய் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் நாட்டின் சட்டம் அப்படிக் கேட்கவே இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்கு 7 நாள் சம்பளத்துடன் கெஷுவல் லீவு தருகிறது. சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் எல்லாம் அதற்குள் அடங்கும். முதல் வருடத்தில் மட்டும் முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். இது தவிர வருடாந்த லீவு 14 நாள். "கோயில் தேர், எனக்கு ஒரு நாள் வேணும்" என்று உண்மையைச் சொல்லியே எடுக்கக்கூடிய நாளை, பொய் சொல்லி எடுக்க வைத்திருந்தோம்.

இந்தச் சட்டத்தில் சுகவீன லீவு என்று தனியாக ஒன்று இல்லை என்பதையும் வேலை செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நோய்க்கும் அந்த 7 நாள்தான். அரசாங்க உத்தியோகத்தருக்கு தாபன விதிக்கோவையின்படி வருடத்துக்கு 21 நாள் கெஷுவலும் 24 நாள் ஓய்வு லீவும் இருக்கின்றன. கணவன் கச்சேரியிலும் மனைவி கடையிலுமாக வேலை செய்கிற வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாருடைய லீவு முதலில் கரைய வேண்டும் என்பதை இந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழக்கத்தில் அது எப்போதும் மனைவியின் லீவாகவே இருக்கிறது. அப்புறம் எல்லாத் தனியார் தொழிலும் இந்தச் சட்டத்துக்குள் வராது. பல தொழில்களுக்குச் சம்பளச் சபைகள் இருக்கின்றன, அங்கே லீவு விதிகள் வேறு. நியமனக் கடிதத்தைக் கொண்டுபோய்த் தொழில் அலுவலகத்தில் காட்டி, நீங்கள் எதன் கீழ் வருகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். கடைச் சட்டத்தின் கீழ் வருகிறவருக்கு வேலை நிபந்தனைகள் எழுதிய நியமனக் கடிதம் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை.

நாங்கள் எழுதிய விதி ஒரு பக்கம்கூட இல்லை. தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டியிருக்கிறோம். சுகமில்லை என்றால் உங்கள் வேலை நேரம் தொடங்குமுன் மேற்பார்வையாளருக்கு அழைப்போ வட்ஸ்அப் குரல் செய்தியோ வரவேண்டும். வீட்டிலிருந்து வேறு யாராவது சொன்னாலும் போதும். இரண்டு நாள் வரை டொக்டர் துண்டு தேவையில்லை. திரும்பி வரும் நாளில் ஓர் அரைத்தாள் படிவத்தில் திகதியும் "சுகவீனம்" என்ற சொல்லும் கையெழுத்தும் போதும். மூன்றாம் நாளும் வர முடியாவிட்டால் டொக்டரைக் காண வேண்டும். துண்டின் படத்தை அனுப்பலாம், அசலை வந்த பிறகு தரலாம். பேக்கரியில் உள்ளவர்களுக்கு வயிற்றோட்டம், வாந்தி என்றால் 48 மணித்தியால விதி கட்டாயம், அதற்காக நிற்கும் நாட்களுக்குப் போனஸில் கை வைப்பதில்லை. மற்றவர்களுக்கு, ஒழுங்காக அறிவித்த சுகவீன நாளுக்கு அந்த நாளின் பங்கு மட்டும் குறையும், முழுப் போனஸும் போகாது. திருவிழா, பெருநாள், வெசாக், கிறிஸ்மஸ் நாட்களுக்கு மாதம் தொடங்குமுன்னே பெயர் கேட்டு, மாற்றி மாற்றி ஆள் போடுகிறோம். ஒருவர் பெருநாளுக்கு மற்றவர் நிற்பார், அவர் தேருக்கு இவர் நிற்பார். கலந்து வாழும் ஊரில் இது எவ்வளவு பெரிய வசதி என்பதை இத்தனை காலம் நாங்கள் பயன்படுத்தவே இல்லை.

இரண்டு நாள் என்று வைத்ததற்குக் காரணம் அந்த நானாவின் காய்ச்சல்தான். மூன்றாம் நாள் துண்டு கேட்டால், டொக்டரை உண்மையாகவே காண வேண்டிய நாளில் ஆள் டொக்டரிடம் இருப்பார், இரத்தமும் சோதித்திருப்பார்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஏழு நாள் வரை ஊழியர் தானே எழுதிக் கொடுத்தால் போதும், அதற்கு மேல்தான் டொக்டரின் துண்டு. கனடாவின் ஒன்ராறியோவில், சட்டம் தரும் மூன்று நாள் சுகவீன லீவுக்கு டொக்டர் துண்டு கேட்கவே கூடாது என்று 2024 ஒக்டோபர் 28 முதல் விதி வந்துவிட்டது. டொக்டர்மாரின் நேரம் காகிதம் எழுதுவதில் போகிறது என்பதுதான் அங்கே முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. முதலாளியின் தங்கை ரொறன்ரோவில் இருக்கிறார். அவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார், பிறகு ஒத்துக்கொண்டார்.

யாரும் தவறாகப் பயன்படுத்தவில்லையா என்று கேட்பீர்கள். ஒருவர் பயன்படுத்தினார். சம்பளம் கிடைத்த மறுநாள் தவறாமல் சுகவீனம். பதிவேட்டில் அது பளிச்சென்று தெரிந்தது. முதலாளி தனியாக அழைத்துக் கதைத்தார். அந்தத் தம்பிக்கு வட்டிக்காரர் தொல்லை, சம்பள நாளில் வாசலில் வந்து நிற்பார்கள் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. ஒரு முற்பணம் கொடுத்து அதைத் தீர்த்தார்கள். மெடிக்கல் கேட்டிருந்தால் அவர் மாதாமாதம் ஒரு மெடிக்கல் கொண்டு வந்திருப்பார், கடன் கூடிக்கொண்டே போயிருக்கும். ஆனால் எல்லாக் கதையும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. கதைத்த பிறகும் திருந்தாத ஒருவர் வந்தால், அவரிடம் மட்டும் முதல் நாளிலிருந்தே துண்டு கேட்கலாம் என்று விதியில் எழுதியிருக்கிறோம். ஒருவருக்காக எல்லோரையும் வரிசையில் நிறுத்தத் தேவையில்லை.

துண்டு வாங்க வேண்டி வரும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். என் மேசைக்கு வரும் துண்டுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறைகள் இவை. டொக்டரின் பெயர், கையெழுத்து, மருத்துவ சபைப் பதிவிலக்கம் உள்ள ஸ்டாம்ப், கண்ட திகதி, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை ஓய்வு என்பது எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். துண்டு வேண்டும் என்பதை டொக்டரின் முன்னால் இருக்கும்போதே சொல்லுங்கள். மருந்து எடுத்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டால் திரும்பவும் வரிசை. தான் பார்க்காத நாளுக்கு எழுதித் தரச் சொல்லி டொக்டரை வற்புறுத்தாதீர்கள். வார்டில் இருந்தவர்கள் வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டைப் பத்திரமாக வையுங்கள். எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அசலைக் கொடுக்குமுன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வெட்டப்பட்டு, பிறகு தொழில் அலுவலகத்தில் முறையிட வேண்டி வந்தால், அந்தப் படமும் சம்பளத் துண்டுகளும் நியமனக் கடிதமும்தான் உங்களுக்காகப் பேசும்.

நோயின் பெயர் பற்றியும் சொல்ல வேண்டும். என் முதல் இடத்தில் மெடிக்கல் ஃபைல் எல்லோரும் கை வைக்கும் அலுமாரியில் கிடந்தது. ஓர் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் பிரச்சினை. துண்டில் இருந்ததை யாரோ வாசித்துவிட்டார்கள். அடுத்த கிழமை கடை முழுக்க அதே பேச்சு. அவர் அதன் பிறகு கிளினிக் நாளில்கூட லீவு கேட்கத் தயங்கினார், திகதி தவறி விட்டது. இது மிகப் பெரிய அநியாயம். வேலை செய்ய முடியாத நிலை, இத்தனை நாள் என்பது சம்பளம் போடுகிறவருக்குப் போதும். நோயின் பெயரை விபரமாக எழுத வேண்டாம் என்று டொக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மனநலத்துக்கு மருந்து எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எங்கள் கடையில் அந்த ஃபைல் இப்போது பூட்டிய லாச்சியில் இருக்கிறது, சாவி என்னிடம்.

இன்னும் சரிவராத ஒன்று இருக்கிறது. லொறியில் வரும் சாமான் இறக்கும் ஆட்களுக்கு நாட்சம்பளம். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, நான் எழுதிய விதியும் அவர்களைத் தொடாது. மழையில் நனைந்து மூட்டை தூக்குகிறவர்களுக்குத்தான் காய்ச்சல் முதலில் வருகிறது, அவர்கள்தான் ஒரு நாள்கூட நிற்க முடியாதவர்கள். வருடக் கணக்காக எங்கள் கடைக்கே வேலை செய்கிறவர்களை நிரந்தர ஊழியராகப் பதிந்து, நியமனக் கடிதமும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டும் கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். பாதி மனதோடு "பார்ப்பம் பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார். அவர்களுடைய பெயர்ப் பட்டியலையும், அதற்கு மாதம் எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்ற கணக்கையும் மாரி தொடங்குமுன் அவர் மேசையில் வைக்கப் போகிறேன்.